இன்குபேட்டரிலிருந்து மார்புக்கு

சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில், குறைமாதப் பிள்ளையைப் பிழைக்கவைப்பது முன்பெல்லாம் பாட்டிகளின் பொறுப்பு. துணியில் இறுகச் சுற்றுவார்கள், காற்றுப் படாத அறையில் வைப்பார்கள், வசம்பு உரைத்துக் கொடுப்பார்கள். சூடு காப்பதில் அவர்கள் கணக்கு சரி. வாயில் எதையாவது வைத்ததுதான் வினை.

1960-ல் திருப்பதிக்கு எஸ்.வி. மருத்துவக் கல்லூரி வந்தது. பிரசவம் மெல்ல ஆஸ்பத்திரிக்கு நகர்ந்தது.

குறைமாதக் குழந்தையை அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்ன செய்வது என்பதற்குப் பதில் தொலைவிலிருந்து வந்தது. கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், ஒன்றிலேயே பல குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள், தொற்றும் பரவியது. 1978-ல் மருத்துவர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டச் சொன்னார். 'கங்காரு பராமரிப்பு' இப்படிப் பிறந்தது. அப்பாவும் அணைக்கலாம், பாட்டியும் அணைக்கலாம். மின்வெட்டு இதைத் தொடாது!

நம் நாட்டுப் பங்கும் சிறிதல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். 1999-ல் 'லான்செட்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. 2011-ல் மத்திய அரசு இந்த வீட்டுப் பராமரிப்பு முறையை நாடெங்கும் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு ஆஷா எனும் கிராமச் சுகாதார ஊழியர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வரவேண்டும். எடை, உடற்சூடு, தாய்ப்பால் குடிக்கும் விதம் எல்லாம் பார்க்கவேண்டும்.

கண் பரிசோதனை தனிக்கதை. இரண்டு கிலோவுக்குக் குறைந்தோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிடவேண்டும். விழித்திரைப் பாதிப்பின் அறிகுறி எதுவும் வெளியே தெரியாததால், அடுத்த வாரம் போகலாம் என்று வீட்டில் எளிதில் தள்ளிப்போடுவார்கள்.