நாகர்கோவில் செமினரி: பலகையில் அடங்காத பெயர்கள்

பழைய பள்ளிக்கூடம் எதுவானாலும் தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கும். வெள்ளைப் பெயிண்டில் வரிசையாகப் பெயர், எதிரே ஆண்டு. ஒருவர் போனார், அடுத்தவர் வந்தார். பார்க்க லாக் ஃபைல் மாதிரி சுத்தமாக இருக்கும். நாகர்கோவில் செமினரிக்கு, அதாவது இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் மூலப்பள்ளிக்கு, அப்படி ஒரு வரிசையை எக்செல்லில் போட்டுப் பார்க்கலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். நாலாவது வரியிலேயே சிக்கிக்கொண்டது.

ஆரம்பம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரஷ்யாவிலிருந்து வந்த ரிங்கல்தௌபே 1806ல் திருவிதாங்கூருக்குள் நுழைகிறார். அவரை அழைத்து வந்தவர் மயிலாடி வேதமாணிக்கம். 1809ல் மயிலாடியில் தொடங்கிய பள்ளியைத்தான் ஸ்காட் கல்லூரி தன் பிறப்பாகக் கணக்கு வைக்கிறது. 1816ல் உடல்நிலை கெட்டு ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போகிறார். சென்னை, இலங்கை என்று போய்க் கப்பலேறியவர், அதோடு சரி, என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அடுத்தவர் சார்லஸ் மீட். அவர் மயிலாடி வந்து சேர்வது 1817 இறுதியில். நான் முதலில் போட்ட அட்டவணையில் 1816க்கும் 1817க்கும் நடுவே ஒரு செல் காலியாகக் கிடந்தது. பழக்கதோஷம், 'நல்' என்று அடித்து வைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் சபைகளையும் பள்ளிகளையும் பார்த்துக்கொண்டவர் வேதமாணிக்கம். ரிங்கல்தௌபே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனதே அவரிடம்தான். சாம்பவர் குலத்தில் பிறந்தவர், இங்கிலீஷ் படிப்பு எதுவும் இல்லாதவர், வெள்ளைக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாமல் சுமார் ரெண்டு வருசம் அதைக் கலைந்துபோகாமல் காத்திருக்கிறார். 'நல்' அழித்து அவர் பெயரை எழுதினேன்.

மீட் 1818ல் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அப்போது ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவின் முயற்சியால் ராணி கௌரி பார்வதி பாய் ஒரு பங்களாவும் 5,000 ரூபாயும் கொடுத்தார். அந்தப் பணத்தில் வயல் வாங்கி, அதன் வருமானத்தில் செமினரி நடந்தது. நாஞ்சில் நாட்டு நெல்லு போட்ட சோறுதான் இங்கிலீஷ் இலக்கணத்துக்கும். எங்க ஊர்க்காரன் பெருமைப்பட இது ஒன்று போதும். அதே மீட்டைச் சில காலம் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் வைத்திருந்தார்கள். பாதிரியார், ஜட்ஜ், அச்சகக்காரர், பள்ளிக்கூடத்தார் எல்லாம் ஒரே ஆள். 'தலைமையாசிரியர்' என்று தனி காலம் போட்ட என் அட்டவணை இங்கேயே உடைந்துவிட்டது. 1819ல் சார்லஸ் மால்ட் வந்து சேர்ந்தார். அவர் மனைவி மார்த்தா நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளிதான் இன்றைய டதி ஸ்கூல். இவர்கள் மகள் எலைசாவைத்தான் பின்னால் கால்டுவெல் கட்டினார். 1828ல் மீட் நெய்யூருக்குப் போக, நாகர்கோவில் மால்ட் பொறுப்பு.

இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது.

செமினரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஜான் ராபர்ட்ஸ் ஒருவர். நாகர்கோவிலில் இங்கிலீஷ் படிப்பு நன்றாக நடக்கிறது என்று கேள்விப்பட்ட சுவாதித் திருநாள் மகாராஜா, 1834ல் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் பள்ளி தொடங்கச் செய்தார். 1836ல் அது 'ராஜாவின் இலவசப் பள்ளி' ஆனது, ராபர்ட்ஸ் அதன் தலைமையாசிரியர். 1866ல் அது மகாராஜா கல்லூரியாகி, ஜான் ராஸ் முதல் பிரின்சிபால். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை படித்ததும் பிறகு தத்துவம் கற்பித்ததும் அங்கேதான். இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ் அதுதான்.

ஒரே ஆசிரியர், ரெண்டு பள்ளி. நாகர்கோவிலில் அவர் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் நாடார், சாம்பவர் வீட்டுப் பிள்ளைகள். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதிக்காரர்கள். அதே இங்கிலீஷ், அதே கணக்கு. அங்கே படித்தவனுக்குச் சர்க்கார் கச்சேரியில் நாற்காலி காத்திருந்தது. இங்கே படித்தவனுக்கு அந்தக் கச்சேரி வாசலே கிடையாது, ஆகக்கூடியது உபதேசியார் வேலை, மிஷன் வாத்தியார் வேலை. ராபர்ட்ஸ் போய் 25 வருசம் கழித்து, 1859ல்தான் நாடார் பெண்கள் மேலாடை உடுத்தலாம் என்று அரசு விளம்பரமே வந்தது. 1910ல் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அய்யன்காளி கூட்டிப்போனபோது பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். இன்னார் போனார், இன்னார் வந்தார் என்று பலகையில் எழுதினால் இது எதுவும் தெரியாது.

மீட் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மனைவி இறந்த பிறகு, 1850களின் தொடக்கத்தில், சாம்பவர் குலத்துக் கிறிஸ்தவப் பெண் லோயிஸ் பிடல்ஃபை மணந்தார். கூட இருந்த மிஷனரிகளுக்கு அது பொறுக்கவில்லை. சாதி கூடாது என்று பிரசங்கம் பண்ணினவர்கள்தான்! முப்பது வருசத்துக்கு மேல் உழைத்த மனுசன் மிஷனை விட்டு வெளியேறினார். திருவிதாங்கூர் அரசு அவரைத் தன் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராக வைத்துக்கொண்டது. 1873ல் திருவனந்தபுரத்தில் இறந்தார்.

1840களில் செமினரிப் பொறுப்புக்கு வந்தவர் ஜே. ஓ. வைட்ஹவுஸ். பெரிய சம்பவம் எதிலும் மாட்டாத ஆள். ஆனால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. இங்கிலாந்து திரும்பிய பின் லண்டன் மிஷன் அனுப்பிய ஒவ்வொரு மிஷனரியின் பெயர், பிறந்த தேதி, கப்பலேறிய நாள், விலகிய நாள் எல்லாவற்றையும் தொகுத்துப் பதிவேடாக்கினவர் அவர்தான். டேட்டாபேஸ் போடுகிறவன் புத்தி. இன்று மீட் எப்போது வந்தார், மால்ட் எப்போது போனார் என்று யார் தேடினாலும் கடைசியில் அவர் போட்ட வரியில்தான் போய் நிற்க வேண்டும்.

அவருக்குப் பின் வந்தவர்களில் ஜேம்ஸ் டதி நீண்ட காலம் இங்கே இருந்தவர். பெண்கள் பள்ளிக்கு நிலைத்தது அந்தப் பெயர்தான், தொடங்கின மார்த்தா மால்ட் பெயர் அல்ல. 1893ல் செப்டிமஸ் ஸ்காட் கொடுத்த நன்கொடையால் செமினரி கல்லூரியாகி அவர் பெயரைத் தாங்கியது. பாடம் எடுத்த யார் பெயரும் அதற்கு வாய்க்கவில்லை.

அட்டவணையை இப்போது மாற்றிவிட்டேன். 'தலைமையாசிரியர்' காலத்தை எடுத்துவிட்டு 'பார்த்துக்கொண்டவர்' என்று போட்டிருக்கிறேன். ரெண்டாவது வரி, 1816, மயிலாடி வேதமாணிக்கம்.