ஒரு வணிகர் குடும்பம் தந்த ஆய்வுகூடம்

கொழும்புக்குச் சென்று படித்த நம்மில் பலர் விகாரமகாதேவி பூங்காவின் மரநிழலில் இளைப்பாறியிருப்போம். முன்னர் விக்டோரியா பூங்கா எனப்பட்ட அந்த நிலத்தை நகருக்குக் கொடுத்தவர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்பர். 1836இல் மொரட்டுவையில் பிறந்த இவர் வணிகர், பெருந்தோட்ட உரிமையாளர். 1879இல் தொடங்கி, இன்றும் அவர் பெயரால் இயங்கும் மகப்பேற்று வைத்தியசாலையும் அவரது கொடையே.

விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசியை 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் மனிதருக்கு ஏற்றிவிட்டார். இலங்கையில் அச்சிகிச்சை அப்போது இல்லை. 1890இல் டி சொய்சா அந்த நோயாலேயே இறந்தார். அவ்வளவு செல்வமும் அவரைக் காக்கவில்லை. பின்னர் அவர் குடும்பத்தினர் நுண்ணுயிரியல் ஆய்வுக்கென ஒரு நிலையத்தை நாட்டுக்கு வழங்கினர். 1900இல் உருவான அதுவே இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்.

வன்னியில் விசர் பிடித்ததென ஐயப்படும் நாய் ஒரு பிள்ளையைக் கடித்தால், உடனே தடுப்பூசி ஏற்றுகிறோம். நாயின் தலை பனிக்கட்டியில் பொதிசெய்யப்பட்டு அந்நிறுவகத்துக்குப் பரிசோதனைக்காகச் செல்கிறது. ஒரு வீட்டின் துக்கம் நூற்றாண்டு கடந்தும் நம் பிள்ளைகளுக்கு உதவுகிறது.

நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் எனக் கடல்கடந்த தோழியர் கேட்கின்றனர். 2009க்குப் பின் ஊர் திரும்பியபோது நம் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்கூட மிஞ்சியிருக்கவில்லை. அலுமாரிகள் இன்னும் முழுதாக நிரம்பவில்லை. நுழைவாயில் வளைவைப் பிறகு கட்டலாம். முதலில் ஆய்வுகூடத்தை நிரப்புவோம், சகோதரிகளே.