டிரம்முக்குள் இறங்கும் மழை

1950இல் பிரிட்டிஷ் விமானப் படையின் டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்கள் மலாயாவுக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். மலாயா அவசரகாலப் போரில் காயம்பட்டவர்களைக் காட்டிலிருந்து தூக்கி வந்தவை அவை. 1968 முதல் நம் மலேசிய விமானப் படையில் நூரி ஹெலிகாப்டர்கள் பறந்தன. இந்த வாரம் அவை குடித்த எண்ணெயைப் பார்ப்போம்.

புக்கிட் பெலண்டோக்காரர்களுக்கு எண்ணெய் புதிதல்ல. பக்கத்துப் போர்ட்டிக்சனில் 1963இலேயே ஷெல் சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டது. ஆலையிலிருந்து எரிபொருள் பெரும்பாலும் சுத்தமாகத்தான் புறப்படுகிறது. வழியில், அதுவும் கடைசிக் கைமாற்றில்தான் கெடுகிறது. பெரிய விமானத்துக்கு விமான நிலையத்தில் நிலத்தடிக் குழாய் உண்டு. காட்டோரம் இறங்கும் ஹெலிகாப்டருக்குப் பல நேரம் டிரம்தான்.

தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மூடியின்மேல் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மரைவழியே கசியும்; இரவுக் குளிரில் சுருங்கும்போது தேங்கிய நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இறுக்கித் திருகிய மூடியும் இதைத் தடுக்காது. அதனால்தான் டிரம்மைப் படுக்கவைத்து, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில், எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும்படி வைப்பார்கள்.

நூரி போன்ற டர்பைன் ஹெலிகாப்டர்களின் எரிபொருள் ஏறக்குறைய மண்ணெண்ணெய்தான். நீர் அதற்கு அடியில் படியும். காலையில் முதல் பறப்புக்குமுன் டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துக் கண்ணாடிக் குடுவையில் பார்ப்பார்கள். இதில் ஒரு பொறி உண்டு. குடுவை முழுக்க நீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது. பார்க்கத் தெளிவாக இருக்கும். அதைப் பிடிக்கத்தான் நிறம் மாறும் சோதனை வில்லை வந்தது. நீர் இருந்தால் மஞ்சள் பச்சையாகும்.

நீர் கலந்த எரிபொருளால் பறக்கும்போது என்ஜின் நின்றால், விமானி ஓரிரு நொடிகளுக்குள் விசிறிகளின் கோணத்தைக் குறைத்து, கீழிருந்து வரும் காற்றிலேயே அவற்றைச் சுழலவிட்டு இறங்க வேண்டும். தாழ்வாக அந்தரத்தில் நிற்கும்போது நின்றால் அதற்கும் உயரம் போதாது.

டிரம் இல்லாவிட்டால் ஆபத்து இல்லையா? 2010 ஏப்ரல் 13 அன்று சுராபாயாவிலிருந்து ஹாங்காங் போன கேத்தே பசிபிக் 780 விமானத்தைப் பாருங்கள். சுராபாயாவின் நிலத்தடிக் குழாய் விரிவாக்க வேலைக்குப் பின் அதில் உப்புநீர் தங்கிவிட்டது. நிரப்பும் வண்டியின் வடிகட்டியில், குழந்தைகளின் டயாபரில் இருக்கும் வகை உறிஞ்சு பொருள் உண்டு. நீர் பட்டால் ஊதி, எண்ணெய் ஓட்டத்தையே அடைக்க வேண்டும். ஆனால் உப்புநீர் பட்டதில் அந்தப் பொருளே நுண்ணிய உருண்டைகளாகக் கழன்று விமானத்துக்குள் போய், என்ஜின்களின் எரிபொருள் வால்வுகளை இறுக்கிவிட்டது. தரையிறங்கும் நேரத்தில் ஒரு என்ஜினின் சுழல்வேகம் 70 சதவிகிதத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. மற்றது 17ஐத் தாண்ட மறுத்தது. மணிக்கு 420 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரை தொட்டார்கள். 322 பேரும் பிழைத்தார்கள். 57 பயணிகளுக்குக் காயம், அதுவும் அவசரமாக வெளியேறியபோது.

காவலுக்கு வைத்ததே எரிபொருளைக் கெடுத்த கதை இது. அந்த வகை வடிகட்டியைப் படிப்படியாகக் கைவிட விமான எரிபொருள் துறை பின்னர் முடிவெடுத்தது.