ஒரே பாயில் சிறியோரும் பெரியோரும்: பல்வயது வகுப்பறையின் வரலாறு

அஸர் தொழுகைக்குப் பின் நம் ஊர் மதரஸாக்களுக்குள் எட்டிப் பார்ப்போர் காணும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். ஆறு வயதுச் சிறுமி அலிஃப், பே என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பாள். அவள் அருகே பத்து வயதுச் சிறுவன் யாஸீன் ஓதிக்கொண்டிருப்பான். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் தன் பாடத்தை ஓதிக்கொண்டே, பக்கத்தில் தடுமாறும் சிறுவனின் உச்சரிப்பையும் திருத்துவான். உஸ்தாத் ஒவ்வொருவராக அழைத்துப் பாடம் கேட்பார்.

அண்மைக் காலமாக இக்காட்சி பெற்றோர் சிலருக்கு உறுத்தலாக இருக்கிறது. "சிறிய பிள்ளைகளோடு உட்கார வைத்தால் என் மகன் எப்படி முன்னேறுவான்?" என்று சிலர் கேட்கின்றனர். "பிறர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே அவன் நேரம் கழிகிறது" என்று வேறு சிலர் குறைப்படுகின்றனர். ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் சிற்றூர் அரசுப் பள்ளியை விட்டுத் தொலைவிலுள்ள தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களின் மனத்திலும் இதே கவலைதான் இருக்கிறது.

இக்கவலையை நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் பல வயதுப் பிள்ளைகள் ஓரிடத்தில் கற்பது வசதியின்மையால் நேர்ந்த குறை என்று கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. வயதுக்கொரு வகுப்பு என்னும் ஏற்பாடுதான் அண்மையில் வந்தது. அதற்கு முன் நெடுங்காலம் நிலவிய முறை எவ்வாறு இயங்கியது, எங்கே பிழைத்தது என்பதை அறிந்தால் நம் கவலையைச் சரியான கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம்.

கைரவானின் மரப்பலகைகள்

நபித்தோழர் அம்ர் இப்னு ஸலிமா (ரலி) அவர்களின் சிறுவயது நிகழ்ச்சி புகாரி நூலில் பதிவாகியுள்ளது. பயணிகள் கடந்துசெல்லும் நீர்நிலை ஒன்றின் அருகே அவருடைய கூட்டத்தார் வாழ்ந்தனர். வருவோர் போவோரிடம் கேட்டுக் கேட்டே அச்சிறுவர் குர்ஆன் வசனங்களை மனத்தில் பதித்துக்கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அக்கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது, குர்ஆனை மிகுதியாக அறிந்தவரே தொழுகை நடத்த வேண்டும் என்ற கட்டளை வந்தது. தேடிப் பார்த்ததில் அவரினும் மிகுதியாக அறிந்தவர் எவருமில்லை. ஆறு அல்லது ஏழு வயதுச் சிறுவர் பெரியோருக்கு முன்னின்று தொழுவித்தார். கல்வியின் வரிசையும் வயதின் வரிசையும் ஒன்றல்ல என்பதை அச்சமுதாயம் இயல்பாக ஏற்றுக்கொண்டிருந்தது.

பின்னர் இஸ்லாமிய நாடுகளில் பரவிய 'குத்தாப்' எனும் தொடக்கப் பள்ளிகள் இந்த இயல்பின்மீதே அமைந்தன. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு மரப்பலகை இருக்கும். அன்றைய பாடத்தை அதில் மையால் எழுதுவான், ஓதி மனனம் செய்வான், ஆசிரியரிடம் ஒப்பிப்பான். பாடம் தேறியபின் பலகையைக் கழுவி அடுத்த பாடத்தை எழுதுவான். பலகை அவரவர்க்கு உரியதாதலால் பாடமும் அவரவர்க்கு உரியதாக இருந்தது. ஒருவன் விரைந்து செல்வதும் மற்றொருவன் மெல்லச் செல்வதும் எவரையும் தடுக்கவில்லை.

இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரில் ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாலிகி சட்ட அறிஞர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்). ஆசிரியர்கள் பேண வேண்டிய ஒழுங்குகளைப் பற்றி 'ஆதாபுல் முஅல்லிமீன்' என்னும் நூலை அவர் இயற்றினார். தொடக்கக் கல்வி ஆசிரியருக்கென எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல்களுள் அதுவும் ஒன்று. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்ல எழுதலாமா என்ற வினா அதில் வருகிறது. அதில் பிள்ளைகளுக்கே பயன் உண்டாதலால் தடையில்லை என்று அறிஞர் விடையளிக்கிறார். ஆனால் அவர்கள் எழுதியதை ஆசிரியர் தாமே சரிபார்க்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார். ஒரு மாணவனை மற்றவர்களுக்குப் பொறுப்பாளனாக்குவது பற்றியும் அவர் இவ்வாறே தீர்ப்புரைக்கிறார். அவன் குர்ஆனை ஓதி முடித்துத் தேர்ந்தவனாக இருத்தல் வேண்டும். அப்பொறுப்பால் அவனுக்கு நன்மை விளைய வேண்டும்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் நினைவில் கொள்வோம். ஆசிரியரின் செவி ஒவ்வொரு பிள்ளைக்கும் கிட்ட வேண்டும். கற்பிக்கும் பிள்ளைக்கு அக்கற்பித்தலால் பயன் இருக்க வேண்டும். பிற்கால வரலாற்றின் ஏற்ற இறக்கங்களை அளக்க இவையே போதுமானவை.

திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளும் ஏறத்தாழ இவ்வாறே நடைபெற்றன. பிள்ளைகள் முதலில் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஓலைக்கு மாறினர். வகுப்பில் தேர்ந்த மூத்த மாணவன் 'சட்டாம்பிள்ளை' எனப்பட்டான். இளையோரின் பாடத்தைக் கவனிப்பது அவன் பொறுப்பு.

தென்னிந்தியாவில் சிறார் தமக்குள்ளே கற்றுக்கொள்வதை அயல்நாட்டினர் முன்பே வியந்து குறித்துள்ளனர். இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623ஆம் ஆண்டில் கன்னட நாட்டின் இக்கேரியில், கோயில் முகப்பில் அமர்ந்து நான்கு சிறுவர்கள் மணலில் எழுதிக் கணக்குப் பயில்வதைக் கண்டார். அவர்களுடன் ஆசிரியர் எவரும் இல்லை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். 1826இல் அவர் தொகுத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இக்கணக்கெடுப்புக்காகப் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை வகுப்பறையின் உள்ளமைப்பையே விவரிக்கிறது. பள்ளியில் பெரும்பாலும் நான்கு பிரிவுகள் இருக்கும். கீழ்ப்பிரிவுகளை மூத்த மாணவர் கவனிப்பர். மேற்பிரிவுகளை ஆசிரியர் நடத்துவார். அதே வேளையில் அவர் பார்வை பள்ளி முழுவதன்மீதும் இருக்கும். திறனும் தேர்ச்சியுமே ஒரு மாணவனை மேற்பிரிவுக்கு உயர்த்தும். இளையோருக்குக் கற்பிப்பதால் மூத்தோரின் சொந்த அறிவும் உறுதிப்படுவதைக் கேம்ப்பெல் பாராட்டினார். இங்கிலாந்து இம்முறையைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார்.

திண்ணைப் பள்ளியைக் குறையற்றதாகப் போற்றுவதும் நேர்மையாகாது. அங்கே பிரம்படி கடுமையாக இருந்தது. சாதியின் பெயரால் பலருக்கு வாயில் அடைக்கப்பட்டிருந்தது. மன்றோவின் கணக்கிலுள்ள மாணவருள் சிறுமியர் 4,540 பேர் மட்டுமே. அந்தச் சிறு தொகையிலும் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. மலபார் மாவட்டத்தில் பள்ளி சென்ற முஸ்லிம் சிறுவர்கள் 3,196 பேர். முஸ்லிம் சிறுமியர் 1,122 பேர். மாகாணத்தின் மொத்தக் கணக்கோடு ஒப்பிட்டால் இது வியப்பூட்டும் விகிதம்.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

கேம்ப்பெல் குறிப்பிட்ட இங்கிலாந்துத் தொடர்பு சென்னை எழும்பூரில் தொடங்கியது. ஆங்கிலேயப் படையினரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்தியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதை அவர் ஒருநாள் கண்டார். அதைத் தம் இல்லத்திலும் நடைமுறைப்படுத்த விரும்பினார். துணையாசிரியர் அதற்கு இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

பெல் நாடு திரும்பி 1797இல் தம் அனுபவத்தை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் 1798 முதல் இலண்டனில் இத்தகைய பள்ளியை நடத்தினார். பெல்லின் முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் நிலைத்தது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' எனப்படுகிறது.

ஆனால் கடல் கடந்தபோது முறையின் உயிர்நாடி மாறிவிட்டது. தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்துக்கு ஏழைப் பிள்ளைகளை மிகக் குறைந்த செலவில் எழுத்தறிவிக்கும் வழி தேவைப்பட்டது. ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்று லங்காஸ்டர் உரைத்தார். பெரிய கூடங்களில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் அமர்ந்தனர். மூத்த சிறுவர் கட்டளையிட, இளையோர் ஒருமித்துத் திருப்பிச் சொல்லினர். ஆசிரியரின் செவி அந்த ஆயிரத்தில் எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும்? கற்பிக்கும் சிறுவனும் தான் கற்க வேண்டியதைக் கற்காமல் கூலியில்லா ஆசிரியனாக உழைத்தான். இப்னு ஸஹ்னூன் (ரஹ்) விதித்த இரு நிபந்தனைகளும் ஒருங்கே தவறின. 1840களில் இங்கிலாந்து அம்முறையைக் கைவிட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நாடத் தொடங்கியது.

வயதுக்கொரு வகுப்பு

அதே காலத்தில் வேறொரு ஏற்பாடு வலுப்பெற்றது. பிரஷ்யாவில் பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையைக் கண்டு வந்த அமெரிக்கக் கல்வியாளர் ஹொரேஸ் மான் அதைத் தம் நாட்டில் பரிந்துரைத்தார். 1847இல் பாஸ்டன் நகரின் குவின்சி பள்ளி வகுப்புக்கொரு தனி அறையும் தனி ஆசிரியரும் கொண்டதாக எழுந்தது. பாடநூல், தேர்வு, ஆசிரியர் பயிற்சி யாவற்றையும் இம்முறையில் ஒழுங்குபடுத்துவது எளிது. எனவே அது உலகெங்கும் பரவியது.

நம் மாகாணத்துக்கு அது அரசு மானியத்தோடு வந்தது. 1860களில் தேர்வு முடிவுகளைப் பொறுத்து மானியம் வழங்கும் விதி நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் வருவார், வகுப்புக்குரிய பாடத்தில் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியோரின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் கிடைக்கும். இக்கணக்குக்குள் திண்ணைப் பள்ளி அடங்க வேண்டியதாயிற்று. சட்டாம்பிள்ளைக்கு அதில் இடமில்லை. 'இந்த வயதில் இந்த வகுப்பு' என்பது இயற்கை விதிபோல் நம் மனத்தில் பதிந்தது இதன் பின்னர்தான். அதற்குமுன் மெல்லக் கற்கும் பிள்ளைக்குத் 'தோல்வி' என்ற சொல்லே தேவைப்படவில்லை. அவன் தன் பலகையில் இருந்தான், அவ்வளவே.

மீண்டும் பாய்க்கு

ஆந்திர மாநிலத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சி இம்முறையைப் புதிய வடிவில் மீட்டது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப் படிகளைப்போல் வரிசைப்படுத்தப்பட்டது. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே கண்டு, உரிய அட்டையை எடுத்துக் கற்கும்.

சென்னை மாநகராட்சி 2003இல் சில பள்ளிகளில் இதனைத் தழுவியது. 2007ஆம் ஆண்டுவாக்கில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அது பரவியது. பெஞ்சுகள் நீங்கின; பாய்கள் விரிக்கப்பட்டன. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரமாகக் கரும்பலகை அமைந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பகுதி. முதல் வகுப்புப் பிள்ளைகளும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் கலந்து அமர்ந்தனர். புதிய கருத்தைக் கற்போர் ஆசிரியரைச் சுற்றி அமர்வர். பயிற்சி செய்வோர் தோழர் துணையுடன் அமர்வர். தேர்ந்தோர் தாமே கற்பர். நோயால் ஒரு வாரம் வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரும்.

குறைகளும் எழுந்தன. அட்டைகளைப் பேணுவது ஆசிரியருக்குச் சுமையாயிற்று. பாடநூலைக் கையில் காணாத பெற்றோர் ஐயுற்றனர். பிள்ளைகள் மிகுந்த அறையில் ஆசிரியரின் கவனம் சிதறியது. பின்னர் வடிவங்கள் மாறின. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்தது. வயதைக் காட்டிலும் நிலையே அளவுகோல் என்னும் பழைய எண்ணம் அதிலும் தொடர்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

தொடக்கத்தில் கண்ட பெற்றோரின் கவலைக்குத் திரும்புவோம். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்கின்றனரா என்பது ஒரு பள்ளியின் தரத்தைக் காட்டாது. கேட்க வேண்டியவை வேறு. என் பிள்ளையின் பாடத்தை உஸ்தாத் அல்லது ஆசிரியர் நாள்தோறும் தம் செவியால் கேட்கிறாரா? இளையோருக்குச் சொல்லிக்கொடுக்கும் என் மகன் தன் பாடத்திலும் முன்னேறுகிறானா, ஆள் பற்றாக்குறையை நிரப்பவே பயன்படுகிறானா? அவன் திருத்தியதை ஆசிரியர் பின்னர்ச் சரிபார்க்கிறாரா?

இவற்றுக்கு நல்ல விடை கிடைக்குமாயின் பிள்ளையை அங்கிருந்து எடுக்கக் காரணமில்லை. கிடைக்காவிடில் குறையை உஸ்தாதிடம் மட்டும் சுமத்துவது நீதியன்று. அறுபது பிள்ளைகளை ஒருவரிடம் விட்டுவிட்டு ஒவ்வொருவரையும் கேட்கவில்லை என்று குறைகூறும் ஜமாஅத், லங்காஸ்டரின் கூடத்தையே தன் ஊரில் கட்டியிருக்கிறது. இன்னொரு உஸ்தாதை அமர்த்துவதற்கான ஊதியத்தை அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் பேசித் தீர்மானிப்பது, பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரிப்பதைவிட முதன்மையான பணியாகும்.