பீரங்கிக்கு விட்ட வெளி

கொழும்புல கடைகளில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் காலிமுகத்திடல்தான். கினிகத்தேனையிலும் ஹட்டனிலும் பஸ் ஏறி அவிசாவளை வழியாகப் போய் இறங்குகிறவர்களுக்கு, காசு கொடுக்காமல் உட்கார்ந்து கடல் பார்க்க வசதியான இடம் அது. இஸ்ஸோ வடை, பட்டம், உப்புக்காத்து. ஆனால் நகரத்தின் நடுவில், இவ்வளவு விலை போகும் நிலம் கட்டடம் இல்லாமல் எப்படி வெறும் வெளியாகத் தப்பியது என்று யோசித்திருக்கிறோமா?

காரணம் பீரங்கி. 1656இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். கோட்டைக்குத் தெற்குப் பக்கமாக எதிரி வந்தால் மதில் மேலிருந்து சுடுவதற்குப் பார்வை மறைக்காத நிலம் வேண்டும். வீடு கூடாது, மரம் கூடாது. பக்கத்தில் இருக்கும் பேரே வாவியும் கோட்டையைக் காக்கத் தண்ணீர் தேக்கிய ஏற்பாடுதான். இன்றைக்கு நாம் காற்று வாங்கும் இடம் சுடுவதற்காகத் துப்புரவாக்கிய இடம்.

வெள்ளைக்காரன் காலத்தில் சண்டைப் பயம் குறைந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அங்கே குதிரைப் பந்தயம் ஓடியது. இதே பார்ன்ஸ்தான் கண்டிக்கு ரோடு வெட்டியவர், கண்ணொறுவையில் கோப்பி போட்டவர். பிறகு வந்த ஹென்றி வார்ட் 1856இல் கடலோர நடைபாதை வேலையைத் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்புச் சீமாட்டிகளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி, தனக்குப் பின்னால் வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லில் வெட்டி வைத்தார். அதே வருசங்களில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த நம்ம ஆட்கள் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்து செத்தார்கள். வார்ட் சொன்ன 'பிள்ளைகள்' யார் என்பதில் நமக்குக் குழப்பம் இல்லை.

ஆனால் ஒரு வெளியைத் திறந்து வைத்தால், நினைத்திராத ஆட்களும் வந்துவிடுவார்கள். 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அந்தத் திடலில்தான் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அன்று பாராளுமன்றம் அதன் ஓரத்திலேயே இருந்தது. காடையர் கூட்டம் அவர்களை அடித்து விரட்டியது. சுடுவதற்கு விட்ட இடம் கேட்பதற்கான இடமாக மாறியது. அதற்கு அடி வாங்க வேண்டியும் இருந்தது.

இனி 2009க்குப் பிந்திய கதை. யுத்தம் முடிந்த அடுத்த வருசமே நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. சண்டை பிடித்த படை கால்வாய் துப்புரவாக்கியது, நடைபாதை போட்டது. அரசுக் கட்டடங்களைச் சுற்றியிருந்த மதில்கள் விழுந்தன, புல் முளைத்தது. கொழும்பு அழகானது என்பது பொய்யில்லை. ஆனால் அதே 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் பரம்பரையாக இருந்த குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பார்க் யாருக்கு, வீடு யாருடையது என்று கேட்க அந்தச் சனத்துக்கு நேரம் கொடுக்கவில்லை.

பெரிய விசயம் திடலுக்கு எதிரே நடந்தது. இராணுவத் தலைமையகம் இருந்த காணி அது. தலைமையகத்தை அக்குரேகொடைக்குக் கொண்டுபோக முடிவானது. சுமார் 10 ஏக்கர், 125 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஷங்ரி-லா ஹோட்டல் கம்பெனிக்குப் போனது. 2017இல் ஹோட்டல் திறந்தது, 2019இல் கடைத்தொகுதி. துவக்கு வெளியேறியது உண்மை. ஆனால் அந்த நிலம் நமக்கு வரவில்லை. முன்பு காவலுக்கு நின்றவன் சிப்பாய், இப்போது நிற்பவன் செக்யூரிட்டி. அந்த செக்யூரிட்டி நம்ம லயத்துப் பையனாகவும் இருக்கலாம்.

வடக்கில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் இருக்கும் முற்றவெளியும் கோட்டை மதிலுக்கு முன்னால் திறந்தே கிடந்த நிலம்தான். 1990இல் மாதக்கணக்கான முற்றுகையில் சிதைந்த கோட்டையை, யுத்தத்துக்குப் பிறகு நெதர்லாந்து உதவியோடு தொல்லியல் திணைக்களம் திருத்தியது. இப்போது பின்னேரத்தில் சனம் மதில் மேல் நடக்குது. ஆனால் அதே யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லத்தைத் தரைமட்டமாக்கி அதன் மேல் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டினார்கள். 300 வருசக் கோட்டை சனத்துக்குத் திறந்தது; தாய்மார் விளக்கு வைத்த இடம் முகாமானது. எது பொதுவெளி, எது முகாம் என்று அங்கே இருக்கும் சனத்திடம் யாரும் கேட்கவில்லை.

நமக்கு இது ஏன் முக்கியம்? 2018 ஒக்டோபர் 24ஐ நினைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 500 ரூபா. ஆயிரம் ரூபா கேட்டு, கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடுப்போடு காலிமுகத்திடலில் கூடினார்கள். பேஸ்புக்கிலும் போனிலும் சொல்லிச் சேர்ந்த கூட்டம். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்காக, ஹோட்டலில் கோப்பை கழுவும் மகன் வந்து நின்றான். தோட்டத்தில் லயம், கிரவுண்ட், ரோடு எல்லாமே கம்பெனிக் கணக்கில்தான் இருக்கிறது. சொந்தக் காணி இல்லாத சமூகத்துக்கு, கூடி நிற்க ஒரு இடம் இருப்பது சின்ன விசயம் இல்லை. அந்த ஆயிரம் ரூபா 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது.

2022 ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கிய அரகலயவுக்கும் அதே திடல்தான் வீடானது. மாதக்கணக்கில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஜூலை 22 அதிகாலையில் இராணுவம் உள்ளே வந்தது. பீரங்கிக்கு விட்ட வெளியில், கிட்டத்தட்ட 370 வருசம் கழித்தும், கடைசி வார்த்தை சீருடை போட்டவர்களுடையதாக இருந்தது. அதற்குப் பிறகு, திடல் ஓய்வுக்கு மட்டும் என்ற பேச்சு அரசுப் பக்கமிருந்து வந்தது. வார்டின் கல் சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான்: நடக்கலாம், காற்று வாங்கலாம்.

முகாமை எடுத்துவிட்டுப் புல் போடுவது லேசான வேலை. அந்தப் புல்லில் சம்பளம் கேட்டு நிற்கலாமா, செத்தவர்களுக்கு விளக்கு வைக்கலாமா என்பதில்தான் அது பொதுவா இல்லையா என்று தெரியும்.

அடுத்த முறை திடலுக்குப் போனால் அந்தக் கல்லைத் தேடிப் பாருங்கள். 1859ஐச் சொல்ல அது இருக்கிறது. 2018ஐச் சொல்ல நம்ம போன்களில் கிடக்கும் படங்கள்தான் இருக்கின்றன. அன்றைக்கு அங்கே நின்றவர்கள், போன் உடைவதற்கு முன்னால் இரண்டு பக்கமாவது எழுதி வையுங்கள்.