கீர்த்தனையும் தப்பும்

நுவரெலியா, அட்டன் மலைகளிலுள்ள தோட்டத் தேவாலயங்களில் பாடப்படும் கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டுவோர், பாட்டுகளின் தலைப்பில் இராகத்தின் பெயரையும் தாளத்தின் பெயரையும் காண்பர். ஆனந்தபைரவி - ஆதி. சங்கராபரணம் - ரூபகம். செஞ்சுருட்டி - சாபு. அரண்மனையிலும் அக்கிரகாரத்திலும் போற்றி வளர்க்கப்பெற்ற இப்பெயர்கள், ஓரறை லயன் காம்பிராவில் குடும்பத்தோடு முடங்கிக் கிடந்த உழைப்பாளியின் வழிபாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தன? வந்தவை எதைக் கொடுத்தன? எதை வாசலுக்கு வெளியே நிறுத்தின? இக்கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்தால், பக்திப் பாட்டின் வரலாறு சமுதாய வரலாறாகவே விரிவதைக் காணலாம்.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்த ஜெர்மானிய லூத்தரன் பாதிரிமாரும் தம் நாட்டு ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினர். சொல் மாறிற்று, மெட்டு மாறவில்லை. அந்த மெட்டுகள் அசைகளைப் பெரும்பாலும் ஒத்த அளவில் நிறுத்திப் பாடுவதற்கென அமைந்தவை. தமிழிலோ குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறிலை நீட்டினால் சொல்லே வேறாகிவிடும். 'கல்' 'கால்' ஆகும், 'படு' 'பாடு' ஆகும். பாடியவன் வாயில் தமிழ் இருந்தது; கேட்டவன் காதில் அது தமிழாக விழவில்லை.

இக்குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்றவர். அதே பாதிரியாரின் பராமரிப்பில் வளர்ந்து 1798இல் அரியணை ஏறிய சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றவர். தியாகராஜர், சியாமா சாஸ்திரி, முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரும் வாழ்ந்த காலம் அது. அரங்குகளில் ஒலித்த இராகங்களையும், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கட்டுக்கோப்பையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் தமிழ்ச் சொற்களை அமைத்தார் சாஸ்திரியார். சங்கீத உருப்படி என்றால் தெலுங்கும் வடமொழியுமே என்றிருந்த சூழலில் இது சிறிய காரியமன்று. தமிழில் பாடுக என்று மேடைகளை நோக்கிக் குரலெழுப்பிய தமிழிசை இயக்கம், சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவியது 1943ஆம் ஆண்டில்தான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆனால் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார், ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தனர். அவர்களே தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டினின்று விலக்கவும் முனைந்தனர். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். வேளாளர் மரபில் வந்த அவர், 1829 அளவில் எழுதியவற்றில், தமிழ்ப் பாட்டின் உரிமைக்காக வாதாடிய அதே மூச்சில், சாதி ஆசாரத்துக்காகவும் வாதாடினார். சாதியை எதிர்த்தவன் தமிழ் இசையை இகழ்ந்தான். தமிழ் இசையைக் காத்தவன் சாதியையும் காத்தான். இந்த முரண்பாட்டை மூடி மறைத்துவிட்டுச் சாஸ்திரியாருக்கு மாலை சூட்டுவது எளிது. ஆனால் அது வரலாறு ஆகாது.

இறுதியில் கீர்த்தனை வென்றது. 1853இல், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து நூலாக அச்சிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, இலங்கையின் மலைநாட்டில் 'தமிழ்க் கூலி மிஷன்' தோன்றிற்று. அது கோப்பிக் காலம். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் விரட்டிய மக்கள், கடல் கடந்து, காட்டுவழி நடந்து மலையேறிக் கொண்டிருந்தனர். அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். மிஷனுக்குத் தோட்டத் துரைமார் நன்கொடை அளித்தனர். உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். அங்குப் பாடிப் பழகிய பாட்டுகளும் அவர்களோடு மலையேறின. கூலிக்காரனின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட அந்த மிஷன், அவன் கூலியைப் பற்றிப் பேச வந்ததன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனினும், கீர்த்தனையின் அமைப்பு எழுத்தறியாத சபைக்கு ஏற்றதாயிருந்தது. உபதேசியார் ஒரு சரணத்தைப் பாடுவார். சபையார் பல்லவியைத் திருப்பிப் பாடுவர். புத்தகம் வேண்டியதில்லை, இரண்டொரு முறை கேட்டால் பல்லவி மனத்தில் பதிந்துவிடும். ஊரிலே கோயில் வாசலை மிதிக்கவும் உரிமையற்றிருந்தவன், இங்கே ஆனந்தபைரவியை வாய்விட்டுப் பாடினான். ஒரு சிலரின் உடைமையாயிருந்த கலை, அந்த அளவுக்குப் பொதுவுடைமையாயிற்று. இந்த உண்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

மற்றோர் உண்மையும் உண்டு. அதே உழைப்பாளியிடம் தனக்கென ஓர் இசை இருந்தது. காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும், தாலாட்டும், ஒப்பாரியும் அவனோடு கப்பலேறி வந்தவை. அவற்றின் உயிர்நாடி தப்பு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் முழங்கிய அத்தப்பே, விடியுமுன் லயன்களை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு ஆளைக் கூட்டவும் முழங்கியது. துரைக்கு அதன் ஓசை கசக்கவில்லை. அவருடைய இலாபக் கணக்கு அந்த ஓசையிலிருந்துதான் தொடங்கிற்று. ஆனால் சீர்திருத்தச் சபைத் தேவாலயங்களுள் வயலின் புகுந்தது, ஆர்மோனியம் புகுந்தது, மிருதங்கமும் புகுந்தது. தப்பு மட்டும் நெடுங்காலம் வாசலிலேயே நின்றது. அதன் தோலில் சாதியின் பெயர் எழுதப்பட்டிருந்ததாகக் கருதினர். உழைப்புக்கு அழைக்கத் தகுந்த பறை, வழிபாட்டுக்கு அழைக்கத் தகாததாயிற்று! உயர்ந்த இசையைக் கற்பித்த கையே, தன் சொந்த இசையைக் கண்டு நாணவும் கற்பித்தது.

பழைய மெட்டில் புதிய சொல்லை அமைக்கும் இவ்வுத்தியை மதம் மட்டும் கையாண்டதன்று. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரோடு தோளிணைந்து நின்றவர் அவர் மனைவி மீனாட்சியம்மை. தொழிலாளர் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடிய அவர், மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமே பாட்டுகளும் இயற்றி, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரில் 1940இல் வெளியிட்டார். பரலோகத்தின் வழியைச் சொன்ன உத்தி, இப்போது பூலோகத்தின் உரிமையைச் சொல்லிற்று. எட்டு ஆண்டுகளுக்குள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எனினும் அப்பாட்டுகள் கேட்ட கேள்வியை எந்தச் சட்டத்தாலும் அழிக்க முடியவில்லை.

தப்பின் வழக்கும் பிற்காலத்தில் விசாரணைக்கு வந்தது. மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005), கர்நாடக இசைக் கீர்த்தனை மேற்சாதியின் கலைநெறியைச் சபைக்குள் நிலைநிறுத்துகிறது என்று வாதிட்டார். நாட்டுப்புற மெட்டிலும் பறையொலியிலும் வழிபாட்டை அமைத்துக் காட்டினார். பாடுவோர் தம் விருப்பப்படி சொல்லையும் மெட்டையும் மாற்றிக்கொள்ள இடந்தருவது நாட்டுப்புற இசை. ஆகவே அதுவே ஒடுக்கப்பட்டோரின் ஆயுதமாதற்குரியது என்பது அவர் கருத்து.

அப்படியாயின் கீர்த்தனையைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மலையகத்தாயின் நாவில் பழகிய இராகம் இன்று அவளுடையது. அதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இராகத்தை உயர்வென்றும் தப்பைத் தாழ்வென்றும் வைத்த வரிசை இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம்.

அதற்கான முதல் வேலை ஆசிரியர்களாகிய நம்முடையதும் மாணவர்களுடையதும் ஆகும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி வைத்தார். அந்தப் பணி முற்றுப்பெறவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பாட்டியிடம் கீர்த்தனையும் உண்டு, தெம்மாங்கும் உண்டு. தப்படிக்கும் முதியவரிடம் ஏட்டில் ஏறாத தாளக்கட்டுகள் உண்டு. அவர் அடிப்பனவற்றுக்கும் பெயர்கள் உள்ளன. அவற்றைக் கேட்டு, ஆதி தாளம் என்று எழுதும் அதே மரியாதையோடு நம் ஏடுகளில் எழுதி வைப்போம்.