தண்டவாளத்தின் அடியில்

மேசை மேல் ஓடும் மாதிரி ரயிலானாலும், நாட்டைக் கடந்து ஓடும் பெரிய ரயிலானாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: தண்டவாளத்தை எதன் மேல் இடுவது? இஞ்சினை எல்லாரும் பார்ப்பார்கள். அடியில் கிடக்கும் கட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. மாதிரி ரயில் செய்ய விரும்பும் மாணவருக்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை என்பது என் எண்ணம்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் டேங்க் ரோட்டில் உள்ள முருகன் கோயிலை அடைகின்றன அல்லவா? அந்த டேங்க் ரோட்டில்தான் ஒரு காலத்தில் ரயில் நிலையம் இருந்தது. 1903இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில் பாதை அங்கிருந்து நியூட்டன், புக்கிட் தீமா வழியாகத் தீவின் வடகோடிக்குச் சென்றது. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர்.

அந்த இடைவெளி அளவுக்கு மேல் கூடினால் வண்டி தடம் புரளும். அதைக் காப்பதுதான் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டையின் வேலை. கட்டைக்குக் கீழே உடைத்த கருங்கல் சரளை. அது மழைநீரை வடியவிடும்; வண்டியின் பாரத்தைப் பரப்பி மண்ணுக்கு இறக்கும்; அதிர்ச்சியையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும்.

குளிர்நாட்டுப் பைன் மரத்தை இந்தச் சீதோஷ்ணத்தில் அப்படியே போட்டால் மழையும் கரையானும் விரைவில் தின்றுவிடும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டது. இந்தியாவில் மரக்கட்டைக்குக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஏற்றிப் பார்த்தார்கள். பல பாதைகளில் மரத்தையே விட்டுவிட்டு, கவிழ்த்து வைத்த சட்டியைப் போன்ற வார்ப்பிரும்புத் தாங்கிகளைப் பதித்தார்கள். மலாயாவுக்கோ செங்கால் மரம் கைகொடுத்தது. பெயரைக் கேட்டுச் செங்கல் என்று எண்ணிவிடாதீர்கள்! மருந்து ஏற்றாமலே கரையானைத் தாங்கும் காட்டு மரம் அது. பின்னாளில் கெம்பாஸ் மரத்துக்கு எண்ணெய் ஏற்றியும் பயன்படுத்தினார்கள்.

1923இல் ஜோகூர் நீரிணையின் குறுக்கே ரயில் ஓடத் தொடங்கியது. 1,056 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல்லணைக்குக் கருங்கல் புலாவ் ஊபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வந்தது. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டதும் டேங்க் ரோட்டுக்கு ரயில் வருவது நின்றது.

பிறகு ஜப்பானியர் காலம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் அவசரமாகப் போட்டார்கள். அதற்காக மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கட்டைகளைக் காட்டிலேயே வெட்டிக்கொண்டார்கள். வெட்டவும் சுமக்கவும் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டு சென்றார்கள், பல்லாயிரவர் திரும்பவில்லை. கட்டைக்கு ஓர் உயிர் என்று அந்தப் பாதையைப் பற்றிச் சொல்வதுண்டு. தோட்டப் பள்ளியில் வரலாறு நடத்தும் எனக்கு, சிலிப்பர் கட்டை என்று சொல்லும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வருவதில்லை. போருக்குப் பின் அந்தப் பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது.

சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் 1987இல் ஓடத் தொடங்கியபோதும், அதன் திறந்தவெளிப் பாதைகளில் மரக்கட்டைகளே இருந்தன. மரம் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கும். கான்கிரீட் ஐம்பது ஆண்டுகள் வரை நிற்கும். ஆகவே வடக்கு–தெற்குப் பாதையில் 2015இலும் கிழக்கு–மேற்குப் பாதையில் 2016இலும் மாற்றும் வேலை முடிந்தது. மாற்றிய கட்டைகள் 188,000. பெரும்பாலும் ரயில் ஓடாத பின்னிரவு நேரங்களில் செய்த வேலை அது.

பழைய மலாயா ரயில் 2011 ஜூன் 30ஆம் நாளுடன் தஞ்சோங் பகாருக்கு வருவதை நிறுத்தியது. பிறகு பாதையின் பெரும்பகுதியில் தண்டவாளமும் கட்டையும் அகற்றப்பட்டன. இனி அந்த ரயில் ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், பலகை மேல் நாம்தான் ஓட்டிக்காட்ட வேண்டும்.

எந்தப் பலகை? 87இல் ஒரு பங்கு அளவில் செய்தால் ஒரு மீட்டர் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டராகிவிடும். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போதும். ஆனால் இந்த அளவில் பலகை 2 மில்லிமீட்டர் நெளிந்தால், உண்மைப் பாதையில் 17 சென்டிமீட்டர் பள்ளம் விழுந்ததற்குச் சமம்! மரத்துகள் பலகை விலை மலிவு. ஆனால் நம் ஊர் ஈரத்தில் ஓரம் ஊதி உதிரும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மென்பலகையில் ஆணி எளிதாக இறங்கும். தனியாக நிற்காது, தொய்ந்துவிடும். நுரைப்பலகை ஈரத்துக்கு ஊதாது, எடையும் குறைவு. ஆணிதான் பிடிக்காது, பசை வேண்டும். பிளைவுட் எனும் ஒட்டுப்பலகையில் ஒவ்வோர் அடுக்கின் நாரும் அடுத்த அடுக்குக்குக் குறுக்காக ஓடுவதால் அது எளிதில் நெளியாது. 9 முதல் 12 மில்லிமீட்டர் கனமுள்ளதை வாங்கி, அடியில் முப்பது, நாற்பது சென்டிமீட்டருக்கு ஒரு சட்டம் அடியுங்கள். மேலும் கீழும் ஓரங்களும் வார்னிஷ் பூசுங்கள்; கீழ்ப்பக்கத்தை விட்டால் ஈரம் அந்த வழியாக ஏறிப் பலகையை வளைத்துவிடும்.

வெறும் பலகை மேல் ரயில் ஓடினால் பறை போல் அதிரும். இடையில் கார்க் தகடு ஒன்றை ஒட்டுங்கள். பெரிய பாதையில் சரளை செய்யும் வேலையை இங்கே அது செய்யும்.

அளவெடுக்க வேண்டுமா? புக்கிட் தீமா நிலையக் கட்டடமும், 1932ஆம் ஆண்டின் இரு இரும்புப் பாலங்களும் இன்றும் நிற்கின்றன. நாடாவும் நோட்டுப்புத்தகமும் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் போய் வாருங்கள்.